சினைமீனுக்குக் காவல் வேண்டும். சிறுதூண்டிலுக்குச் சிறை வேண்டா!

கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் 1960களில் அணையிட்டு மறிக்கப்பட்டன. காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்கள் தோன்றின. தேயிலை மலைகள் மூழ்கின. பழைய மஸ்கெலியா நகரமும் மூழ்கியது. நீர் வற்றும் நாள்களில் பழைய கோயில் இன்றும் தலைகாட்டி நின்று அக்கதையைச் சொல்லுகிறது. மின்சாரம் நாட்டுக்குச் சென்றது. மண்ணை இழந்த தோட்ட மக்களுக்கு மிஞ்சியது மீன். அந்த மீனையும் நாமே கருவறுக்கப் போகிறோமா?

சில கிலோ எடையுள்ள கெண்டை ஒன்றின் வயிற்றில் இலட்சக்கணக்கான முட்டைகள் உள்ளன. தாய்த் திலாப்பியா தன் முட்டைகளையும் குஞ்சுகளையும் வாய்க்குள் வைத்துக் காக்கிறது. தாயைப் பிடித்தவன் தலைமுறையையே பிடித்தவனாகிறான். களனி, மகாவலி ஆறுகளில் வாழும் மஹசீரோ மழைவெள்ளத்தை எதிர்த்து மேலேறி இனம் பெருக்குவது. அந்த வேளையில் ஓடை வாயில் வலை கட்டுவது விதைநெல்லை அவித்துத் தின்பதற்கு ஒப்பாகும்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீர்வாழ் உயிரின வளங்கள் சட்டம், மீன்பிடி தடைக்காலம் விதிக்கவும், காப்பிடங்களைப் பிரகடனம் செய்யவும், மீனவர் குழுக்களை அமைக்கவும் இடமளிக்கிறது. வெடியும் நஞ்சும் இட்டு மீன் பிடிப்பதை அது தடுக்கிறது. ஏட்டில் உள்ளது ஏரிக்கரைக்கு வர வேண்டும். அதுவே எமது கோரிக்கை.

1990இல் அரசு நன்னீர் மீன்பிடிக்கு அளித்த ஆதரவைக் கைவிட்டது. 1994இல் மீண்டும் கைகொடுக்கும் வரையில் நாட்டின் குளங்களில் கேட்பாரில்லை. சிறுகண் வலை கட்டின்றிப் பெருகியது. காவலற்ற நீரில் வலியவன் வலையே சட்டமாகும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

ஆயின், ‘காவல்’ என்றதும் எம்மக்கள் அஞ்சுவதில் வியப்பில்லை. 1948இல் பேனா முனையால் நாடற்றோராக்கப்பட்டவர்களின் பிள்ளைகள் அவர்கள். லயத்துச் சிறுவனின் தூண்டிலைப் பறித்துவிட்டு, இரவில் வள்ளம் நிறைய வாரிச் செல்பவனைக் காணாதிருக்கும் காவலை நாம் ஏற்கமாட்டோம்.

குற்றவாளி வலைக்காரன் ஒருவனே அல்லன். மின் உற்பத்திக்காக நீர்மட்டம் விரைந்து இறக்கப்படும்போது, ஆழமற்ற கரையோரத்தில் திலாப்பியா தோண்டிய கூடுகள் வெறுந்தரையாகின்றன. மரக்கறித் தோட்டங்களிலிருந்தும் தேயிலைச் சரிவுகளிலிருந்தும் மண்ணும் மருந்தும் மழையோடு இறங்குகின்றன. விவசாயத் தோழர்களே, இதில் நம் கையும் கறைபட்டதே! நம்மைத் திருத்திக்கொள்ளாமல் பிறரைக் குற்றம் சாட்ட நமக்கு உரிமை உண்டோ?

வங்கதேசத்தின் கப்தாய் ஏரியைப் பாருங்கள். அதுவும் மலைநாட்டு மின்திட்ட ஏரியே; சக்மா மக்களின் நிலத்தை விழுங்கியதே. அங்கே ஆண்டுதோறும் ஏறத்தாழ மூன்று மாதம் மீன்பிடி நிறுத்தப்படுகிறது. மீனவர் குடும்பங்களுக்கு அரசு அரிசி வழங்குகிறது. வயிற்றுக்கு வழி சொல்லிவிட்டு வலையைச் சுருட்டச் சொல்வதே நீதி.

எனவே நாம் கேட்பவை நான்கு. ஏரி முழுவதையும் பூட்டாமல், ஓடைகள் வந்து கலக்கும் வாய்களை மட்டும் இனப்பெருக்க மாதங்களில் காப்பிடமாக்குக. எல்லையையும் நாள்களையும் குறிக்கும் குழுவில் தோட்ட மக்களுக்கு இடமளித்து, அறிவித்தலைத் தமிழிலும் ஒட்டுக. தடைக்காலத்தில் மீனவர் குடும்பங்களுக்கு நிவாரணம் தருக. அந்நாள்களில் நீர்மட்டத்தை இயன்றவரை நிலையாக வைப்பதற்கு மின் உற்பத்தி செய்வோரையும் பொறுப்பாக்குக.

சட்டம் கற்றோர் மனு எழுதட்டும். ஆசிரியர் மாணவருக்கு எடுத்துரைக்கட்டும். விவசாயி ஓடைக்கரையில் புல்வரம்பு விடட்டும். மண்ணில் ஒரு பிடிக்கும் உரிமையில்லாது நிற்கும் மக்களுக்கு நீரிலாவது நாளை ஒன்று மிஞ்ச வேண்டும். சினைமீன் பிழைத்தால் அது மிஞ்சும்.