விசா போனா வரும்... பேர் போனா வராது!

ஜி.ஆர்.இ. முடிஞ்சுது. டோஃபல் முடிஞ்சுது. அட்மிஷன் மெயிலும் வந்தாச்சு. ஹாஸ்டல் பசங்க ட்ரீட் கேட்டு பர்ஸையும் காலி பண்ணியாச்சு. இனி ஃப்ளைட் ஏற வேண்டியதுதான்னு நினைக்கிறீங்களா? இருங்க பாஸ்! பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கீங்க. மீதிக் கிணறு சென்னை ஜெமினி மேம்பாலத்துக்குப் பக்கத்துல இருக்கு. அமெரிக்கத் துணைத் தூதரகம்!

முதல்ல ரூட்டைப் பார்த்துடுவோம். காலேஜ் அனுப்புற ஐ-20 ஃபாரம் கைக்கு வந்ததும் செவிஸ் ஃபீஸ் 350 டாலர் கட்டணும். அப்புறம் டிஎஸ்-160 அப்ளிகேஷனை ஆன்லைன்ல நிரப்பணும். விசா ஃபீஸ் 2023-லிருந்து 185 டாலர். கட்டுறதுக்கு முன்னாடி தூதரக வெப்சைட்டை ஒரு தடவை பார்த்துக்கோங்க, ஃபீஸ் மாறும். விரல் ரேகை, போட்டோ எல்லாம் விசா சென்டர்ல. கடைசியா இன்டர்வியூ. விசா சீக்கிரமே கிடைச்சாலும், கோர்ஸ் தொடங்க 30 நாளுக்கு முன்னாடி அமெரிக்காவுக்குள்ள நுழைய முடியாது. அதனால டிக்கெட்டுக்கு அவசரப்படாதீங்க.

நம்ம ஊர் ஆட்களுக்குன்னே ஒரு ஸ்பெஷல் தலைவலி இருக்கு. இனிஷியல்! நமக்கு ஏது குடும்பப் பேர்? பாஸ்போர்ட்ல 'சர்நேம்' கட்டம் காலியா இருந்தா, டிஎஸ்-160-ல உங்க பேரை சர்நேம் கட்டத்துல போட்டு, பேருக்கான கட்டத்துல 'எஃப்.என்.யு.'ன்னு போடச் சொல்றாங்க. 'முதல் பேர் தெரியவில்லை'ன்னு அர்த்தம். அமெரிக்கா போய் இறங்கினதும் பேங்க்ல, லைப்ரரியில எல்லாம் உங்களை 'ஃப்னு'ன்னு கூப்பிடுவாங்க. சிரிக்காதீங்க, நிஜம். டைம் இருந்தா அப்ளிகேஷன் போடுறதுக்கு முன்னாடியே பாஸ்போர்ட்டை சரி பண்ணிடுங்க.

இப்போ மெயின் மேட்டர். இன்டர்வியூ ரெண்டு மூணு நிமிஷம்தான். எங்க படிக்கப் போறே, ஏன் அந்த கோர்ஸ், யார் பணம் கட்டுறாங்க, முடிச்சுட்டு என்ன பண்ணப் போறே? இவ்வளவுதான் கேள்வி. ஆனா அந்தக் கண்ணாடிக்குப் பின்னாடி ஒரு சட்டம் உட்கார்ந்திருக்கு. அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தின் 214(பி) பிரிவு. நம்ம கோர்ட்ல, குத்தம் நிரூபிக்கிற வரைக்கும் நீங்க நிரபராதி. இங்கே தலைகீழ். 'இவர் திரும்பி வர மாட்டார், அங்கேயே செட்டில் ஆகத்தான் போறார்'னு எடுத்துக்கிட்டுதான் ஆபீஸர் பேச்சையே ஆரம்பிக்கணும். இல்லைன்னு அவருக்குப் புரிய வைக்கிறது உங்க பொறுப்பு.

இதைக் கேட்டதும் பயந்து போய் கன்சல்டன்சிக்கு ஓடுவோம். அங்கே ரெடிமேட் பதில் தருவாங்க. 'அந்தப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி வசதிகள் என்னை மிகவும் கவர்ந்தன' டைப். உங்களுக்கு முன்னாடி நின்ன பத்துப் பேரும் அதே டயலாக்கை ஒப்பிச்சிருந்தா, பதினோராவதா அதைக் கேட்கிற ஆபீஸர் என்ன நினைப்பார்? நாலாவது செமஸ்டர்ல பண்ணின ப்ராஜெக்ட்டைப் பத்தி, சுமாரான இங்கிலீஷா இருந்தாலும் சொந்தமா நாலு வரி சொல்லுங்க. அது எடுபடும்.

மனப்பாடம் கூட பரவாயில்லை. அதுக்கு அடுத்து ஒண்ணு வரும் பாருங்க, அதுதான் ஆபத்து. 'அக்கவுன்ட்ல பணம் பத்தாதா? கவலைப்படாதீங்க தம்பி, கொஞ்ச நாளைக்கு நாங்க போட்டுக் காட்டுறோம், கமிஷன் மட்டும் குடுங்க'ன்னு சிலர் சொல்வாங்க. இல்லாத வேலைக்கு எக்ஸ்பீரியன்ஸ் சர்டிஃபிகேட் தருவாங்க. 'முன்னாடி விசா மறுக்கப்பட்டிருக்கா?'ங்கிற கேள்விக்கு 'இல்லை'ன்னு டிக் அடிக்கச் சொல்வாங்க. அந்த ரெக்கார்டு அவங்க கம்ப்யூட்டர்லயே இருக்குங்கிறதை மட்டும் சொல்ல மாட்டாங்க!

ஒரு விஷயத்தைப் புரிஞ்சுக்குங்க. 214(பி)-ல மறுத்தா அது அன்னிக்கு மட்டும்தான். அப்பீல் கிடையாது, ஆனா மறுபடி ஃபீஸ் கட்டி எப்போ வேணா அப்ளை பண்ணலாம். 221(ஜி)ன்னு பேப்பர் குடுத்தா அதிலும் பதற வேண்டாம். இன்னும் ஏதோ டாக்குமென்ட் வேணும், இல்லைன்னா விசாரிக்கணும்னு அர்த்தம். ஆனா முக்கியமான விஷயத்துல பொய் சொல்லி மாட்டினா கதையே வேற. அதே சட்டத்தின் 212-வது பிரிவுப்படி, ஆயுசுக்கும் அமெரிக்காவுக்குள்ள நுழையத் தகுதியில்லாத ஆளா ஆகிடலாம். விலக்கு கேட்டு மனு போட வழி இருக்கு. ஆனா அந்தக் கறை ரெக்கார்டை விட்டுப் போகாது.

'ஏஜென்ட்தானே ஃபில் பண்ணினார்?'னு தப்பிக்கவும் முடியாது. யாராவது உதவி பண்ணினாங்களான்னு டிஎஸ்-160-லயே ஒரு கேள்வி இருக்கு. கடைசியில 'எல்லாம் உண்மை'ன்னு கையெழுத்துப் போடுறது நீங்கதான்.

கனடாவுல 2023-ல என்ன நடந்துச்சு? ஏஜென்ட் குடுத்த அட்மிஷன் லெட்டர் போலின்னு, அங்கே போய்ப் படிச்சு, வேலைக்கும் சேர்ந்த பிறகு இந்திய மாணவர்கள் பலருக்குத் தெரிய வந்துச்சு. நாடு கடத்துற நோட்டீஸ் மாணவர்கள் பேருக்குத்தான் வந்துச்சு. ரோட்டுல உட்கார்ந்து போராடினாங்க. உண்மையான மாணவர்கள் யாருன்னு பார்க்க அரசு தனிக்குழு போட்டுச்சு. அந்த ஏஜென்ட்டுக்கு 2024-ல மூணு வருஷம் ஜெயில். ஆனா பசங்க தூக்கம் இல்லாம கழிச்ச ராத்திரிகளை யார் திருப்பித் தருவா?

அதனால டிஎஸ்-160-ஐ நீங்களே நிரப்புங்க. எஜுகேஷன் லோன்னா லோன்னே சொல்லுங்க, அதுல கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. அரியர் இருந்தா இருந்துச்சுன்னு சொல்லுங்க. அஞ்சு வருஷ சோஷியல் மீடியா ஐடி எல்லாத்தையும் கேட்பாங்க, ஒண்ணையும் மறைக்காதீங்க. மாணவர் விசா கேட்கிறவங்க அந்தப் பக்கங்களை எல்லாரும் பார்க்கிற மாதிரி திறந்து வைக்கணும்னு 2025 ஜூன்ல சொல்லிட்டாங்க.

வீட்டுல நகையை அடகு வெச்சு உங்களை அனுப்புறாங்க. ஒரு தடவை விசா கிடைக்கலைன்னா, அடுத்த செமஸ்டருக்குப் போய்க்கலாம்னு அப்பாகிட்ட தலை நிமிர்ந்து சொல்லலாம். போலி பேப்பரோட மாட்டினா, அவர்கிட்ட என்னன்னு சொல்வீங்க?

அடுத்த வாரம்: எஜுகேஷன் லோன்... பேங்க் மேனேஜரை சமாளிப்பது எப்படி?