பெயர் மட்டும் மிஞ்சினால் போதுமா?

“இந்தியாவில் மட்டும் கிட்டத்தட்ட 7 கோடிப் பேர் தமிழ் பேசுகிறார்கள். லண்டனில் நாங்கள் கதைக்காவிட்டால் தமிழ் அழிந்துவிடுமா?” இந்தக் கேள்வியை நீங்களும் கேட்டிருப்பீர்கள். அழியாது. ஆனால் உங்கள் வீட்டில் அழியும்.

அசாமையும் மேகாலயாவையும் பாருங்கள். கோச், ராபா, அதோங் என்று ஒரே குடும்பத்துச் சின்ன மொழிகள் அங்கே உள்ளன. 2011 கணக்கெடுப்பில் ராபா பேசுவோர் சுமார் 1.4 லட்சம் பேர். ரொங்தானி, மைதோரி என்ற ராபாப் பிரிவினரிடம் அந்த மொழி இன்றும் இருக்கிறது. பாத்தி என்ற பிரிவினரோ அசாமிய மொழிக்கு மாறிவிட்டார்கள். ராபா என்ற பெயர் அவர்களிடம் இருக்கிறது, மொழி இல்லை. ரொங்தானி வீட்டில் பேசுவதால் பாத்தி வீட்டுப் பிள்ளைக்கு அது தானாக வந்துவிடவில்லை.

பள்ளியும் சந்தையும் வேலையும் பெரிய மொழியில் நடக்கும்போது, வீடும் மெல்ல அதற்கு மாறுகிறது. இங்கே ஆங்கிலம் செய்வதும் அதுதான். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி மட்டும் அதைத் தடுக்காது.

அம்மா தமிழில் கேட்கிறா, நாங்கள் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறோம். இன்றைக்கு அந்தப் பதிலைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். பிழை வரும், யாராவது சிரிப்பார்கள். பரவாயில்லை. பிழையான தமிழைத் திருத்தலாம். கதைக்காத தமிழை நாளைக்கு உங்கள் பிள்ளைக்குக் கொடுக்க முடியாது.