மீன் செதில் தோல்: சாபமும் அல்ல, தொற்றும் அல்ல

கை கால்களில் மீன் செதில் போல் காய்ந்து உரியும் தோல். கெடாவில் ஜனவரி முதல் மார்ச் வரை வெயில் காயும் மாதங்களில் அது மேலும் வறண்டு வெடிக்கும். மெர்கோங் வீடமைப்புப் பகுதியானாலும் தோட்டத்து லயமானாலும், அப்படி ஒரு பிள்ளையைக் கண்டால் 'ஒட்டிக்கொள்ளும்' என்று ஒதுங்குவோரும் 'குலதெய்வக் குற்றம்' என்போரும் நம்மிடையே இருக்கவே செய்கின்றனர்.

இரண்டுமே தவறு. மருத்துவர்கள் 'இக்தியோசிஸ்' என்று அழைக்கும் இந்நோய் பெரும்பாலும் பெற்றோரிடமிருந்து மரபணு வழியாக வருவது. தொட்டால் பரவாது.

இதில் பல வகைகள் உண்டு. மிதமான வகை ஐரோப்பிய மக்களிடையே சுமார் 250 பேருக்கு ஒருவரிடம் காணப்படுகிறது. அதற்குக் காரணமான ஃபிலாகிரின் மரபணுக் கோளாறு 2006ஆம் ஆண்டு கண்டறியப்பட்டது. தாய் வழியாக மகன்களைத் தாக்கும் இன்னொரு வகை, ஆண்களில் 2,000 முதல் 6,000 பேருக்கு ஒருவருக்கு வருகிறது.

கடுமையான 'லாமெல்லர்' வகையோ பொதுவாக 2 லட்சம் பேருக்கு ஒருவருக்குத்தான். ஆனால், நார்வேயில் அது சுமார் 91,000 பேருக்கு ஒருவர். ஒரே மூதாதையரிடமிருந்து வந்த கோளாறு அங்குள்ள பல குடும்பங்களில் தங்கிவிட்டதே காரணம். ஆக, வேறுபாடு இனத்தின் உயர்வு தாழ்வால் வருவதல்ல; யார் யாரை மணந்தார்கள் என்பதால் வருவது.

இங்கேதான் நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். லாமெல்லர் வகை வர, தாய் தந்தை இருவரிடமும் ஒரே மரபணுவில் கோளாறு மறைந்திருக்க வேண்டும். அப்படி இருந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. அத்தை மகள், மாமன் மகனிடையே எட்டில் ஒரு பங்கு மரபணு பொதுவானது. தாய்மாமனுக்கும் அக்காள் மகளுக்கும் நான்கில் ஒரு பங்கு. தமிழ்நாட்டில் 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி 28 விழுக்காட்டுத் திருமணங்கள் சொந்தத்தில் நடந்தவை. மலேசியாவிலும் 1976ஆம் ஆண்டு திருமண, மணவிலக்குச் சட்டம் நெருங்கிய உறவுத் திருமணங்களைத் தடுத்தாலும், இந்துக்கள் தங்கள் வழக்கப்படி தாய்மாமனை மணக்க விலக்கு அளிக்கிறது.

சொந்தத்தில் மணந்தவர்களைப் பயமுறுத்துவது நோக்கமல்ல. எந்தத் தம்பதிக்கும் பிறவிக் குறைபாட்டுக்கு 2 முதல் 3 விழுக்காடு வாய்ப்பு உண்டு. முறைப்பிள்ளைத் திருமணத்தில் அது மேலும் 2 முதல் 3 விழுக்காடு கூடலாம். பெரும்பாலோர் நலமான பிள்ளைகளையே பெறுகின்றனர். ஆனால், குடும்பத்தில் ஏற்கெனவே செதில் தோல் இருந்தால் கணக்கு மாறிவிடும். அதை மறைத்துப் பெண் கொடுப்பதும் எடுப்பதும் பிறக்கப்போகும் பிள்ளைக்குச் செய்யும் அநீதி.

தலசீமியாவுக்குப் பள்ளியிலேயே பரிசோதனை நடக்கும் நாடு இது. ஜாதகப் பொருத்தம் பார்க்கும் நாம், இரு குடும்பத்தின் நோய் வரலாற்றையும் மருத்துவரிடம் சொல்லி மரபணு ஆலோசனை பெறுவதில் என்ன தயக்கம்?

இந்நோயை முற்றாகக் குணப்படுத்த மருந்தில்லை. குளித்த ஈரம் காயும் முன் களிம்பு தடவினால் தோல் இளகும். கடுமையான வகையில் வியர்வை சரியாக வெளியேறாது என்பதால், அப்பிள்ளையை நண்பகல் வெயிலில் திடலில் நிறுத்தாதீர்கள் என்று ஆசிரியரிடம் பெற்றோர் சொல்லிவைக்க வேண்டும். மற்றவர்கள் செய்ய வேண்டியது ஒன்றே: பக்கத்து நாற்காலியில் தயங்காமல் உட்காருங்கள்.