எடைத் தாளில் இரண்டாவது கையெழுத்து

2008 ஆகஸ்ட் 5, மாலை ஏழரை மணி கடந்திருந்தது. வட கலிபோர்னியாவின் டிரினிட்டி மலைகளில் காட்டுத்தீ எரிந்துகொண்டிருந்தது. கிட்டத்தட்ட 6,000 அடி உயரத்தில் மரங்களை வெட்டிச் சீராக்கிய ஓர் இறங்குதளம். அதன் பெயர் எச்-44. தீயணைப்பாளர்களை மலையிலிருந்து கீழே கொண்டுசெல்லும் வேலை சிகோர்ஸ்கி எஸ்-61என் ஹெலிகாப்டர் ஒன்றிடம் இருந்தது. இரண்டு நடை முடித்துவிட்டு, கீழே போய் எரிபொருள் நிரப்பிக்கொண்டு மூன்றாவது நடைக்கு அது வந்தது. பத்துத் தீயணைப்பாளர்கள் ஏறினார்கள். விமானிகள் இருவர், விமானியைச் சோதித்துச் சான்று தர வந்திருந்த வனத்துறை ஆய்வாளர் ஒருவர், ஆக மொத்தம் பதின்மூன்று பேர். எழும்பியது, முன்னே நகர்ந்தது, உயரம் பிடிக்க முடியாமல் மரங்களில் மோதிச் சரிவில் விழுந்தது. உடனே தீப்பற்றிக்கொண்டது. ஒன்பது பேர் இறந்தார்கள். நான்கு பேர் பிழைத்தார்கள். ‘அயர்ன் 44’ விபத்து என்று அது பெயர்பெற்றது.

எடைக் கணக்குத் தாள் சரியாகத்தான் இருந்தது.

இந்த இதழின் வாசகர்களில் பலருக்கு அந்தத் தாள் பழக்கமானதாக இருக்கலாம். பழக்கமில்லாதவர்களுக்காகச் சில வரிகள். ஹெலிகாப்டர் என்பது காற்றைப் பிடித்து ஏறும் இயந்திரம். சூடு ஏறினால் காற்று மெலியும். உயரம் கூடினாலும் மெலியும். காலையில் பள்ளத்தாக்கில் பத்துப் பேரைச் சுலபமாகத் தூக்கிய அதே இயந்திரம், மதியம் மலைமுகட்டில் ஏழு பேரோடு திணறும். அதனால் அமெரிக்கக் காட்டுத்தீப் பணியில் பறப்பதற்கு முன் ஒரு படிவம் நிரப்பப்படுகிறது. இயந்திரத்தின் வெற்று எடை, விமானிகளின் எடை, எரிபொருளின் எடை, போகும் இடத்தின் உயரம், அங்குள்ள வெப்பம் ஆகியவற்றை எழுதி, உற்பத்தியாளரின் திறன் வரைபடத்தோடு ஒப்பிட்டு, அதற்கும் மேலே ஒரு பாதுகாப்புக் கழிவைக் கழித்து, மிஞ்சுவதே ஏற்றக்கூடிய சுமை. உயரம் 1,000 அடி மாறினாலோ வெப்பம் 5 டிகிரி செல்சியஸ் மாறினாலோ புதிதாகக் கணக்குப் போட வேண்டும். கணக்கைப் போடுவது விமானி. அவர் கையெழுத்துக்குக் கீழே இன்னொரு கையெழுத்து உண்டு. அது ஹெலிகாப்டர் மேலாளருடையது.

அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2010 டிசம்பரில் அயர்ன் 44 விபத்தின் முடிவுகளை வெளியிட்டபோது, தாள் சரியாக இருந்தும் இயந்திரம் ஏன் விழுந்தது என்பது தெரிந்தது. ஒப்பந்த நிறுவனம் ஹெலிகாப்டரின் வெற்று எடையை வேண்டுமென்றே குறைத்துக் காட்டியிருந்தது; வித்தியாசம் ஆயிரம் பவுண்டுக்கு மேல். எஞ்சின் திறன் வரைபடத்தையும் இயந்திரம் அதிகம் தூக்கும் என்று தோன்றும்படி மாற்றியிருந்தது. வனத்துறையின் மேற்பார்வையும், கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் மேற்பார்வையும் போதவில்லை என்றும் வாரியம் குறிப்பிட்டது. நிறுவனத்தின் முன்னாள் துணைத் தலைவருக்கு 2015-ல் 12 ஆண்டு 7 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. ஆக, விமானிகள் கூட்டலில் தவறவில்லை. கூட்ட எடுத்துக்கொண்ட முதல் எண்ணே பொய்.

இந்தக் கதையை மோசடிக் கதையாக மட்டும் சொல்லிவிட்டால், களத்தில் நிற்கிறவர்கள் தோளைக் குலுக்கிக்கொண்டு போய்விடலாம். மேலே இருப்பவன் பொய் சொன்னால் கீழே இருப்பவன் என்ன செய்வான்? ஆனால் வாரியத்தின் அறிக்கையில் இன்னொரு வரி இருக்கிறது. அதிகம் பேசப்படாத வரி. அதே தளத்திலிருந்து கிளம்பிய முந்தைய இரண்டு நடைகளிலும் இயந்திரம் தன் திறனின் உச்சத்தை நெருங்கியிருந்தது. விமானிகள் அதைப் பொருட்படுத்தவில்லை. எல்லையில் ஓட்டியே பழகியிருந்ததுதான் காரணம் என்கிறது அது. தாளின்படி கையிருப்புத் திறன் இருக்க வேண்டும். கருவியின்படி இல்லை. இரண்டும் முரண்பட்டபோது ‘எங்கோ கணக்கு இடிக்கிறதே’ என்று ஒருவர் கேட்டிருந்தால் மூன்றாவது நடையில் ஆட்களைக் குறைத்திருக்கலாம், அல்லது எரிபொருளைக் குறைத்திருக்கலாம். கேட்பதற்கு இயந்திரவியல் பட்டம் தேவையில்லை. தரையில் நின்று பார்க்கிறவருக்கே, எழும்ப எவ்வளவு நேரம் எடுத்தது, முகட்டைத் தாண்டும்போது எவ்வளவு தாழ்ந்தது என்பதெல்லாம் தெரியும்.

இரண்டாவது கையெழுத்து அதற்காகத்தான் என்பது இந்த இதழின் கருத்து. விமானி போட்ட கூட்டலைத் திரும்பக் கூட்டிப் பார்ப்பது அதில் சின்னப் பகுதி. தாள் சொல்வதையும் மலை காட்டுவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே மேலாளரின் வேலை.

ஆனால் அவருடைய இருப்பிடம் சங்கடமானது. கலிபோர்னியாவின் ஏஞ்சலஸ் தேசிய வனத்தில் 1947-ல் ஒரு சிறிய பெல் ஹெலிகாப்டர் தீப்பணிக்கு வந்ததிலிருந்து அமெரிக்காவில் இந்தத் தொழில் பெரும்பாலும் ஒப்பந்தத்தில் ஓடுகிறது. இயந்திரம் தனியாருடையது, விமானியும் மெக்கானிக்கும் தனியாரின் ஊழியர்கள், மேலாளரும் அவருடைய குழுவும் அரசு ஊழியர்கள். விமானியை ‘பற’ என்று மேலாளர் உத்தரவிட முடியாது. பறக்கலாமா என்பதில் கடைசிச் சொல் விமானியுடையது. ஆனால் ‘வேண்டாம்’ என்று சொல்ல இருவருக்கும் உரிமை உண்டு. பறந்த மணிக்கணக்கை எழுதுவதும், ஒப்பந்தப்படி இயந்திரமும் ஆட்களும் இருக்கிறார்களா என்று பார்ப்பதும் இதே மேலாளர்தான். காலையில் கணக்கு கேட்டவர், மாலையில் அதே விமானியோடு ஒரே மேசையில் சாப்பிட வேண்டும். இந்த நெருக்கத்தில் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவாகத் தோன்றத் தொடங்குகிறது. குழுவை நடத்துவதில் கடினமான இடம் இதுதான். பயிற்சிப் புத்தகங்கள் இதைத் தொட்டும் தொடாமலும் போகின்றன.

ஆள் எண்ணிக்கை விதியில் தெளிவாக இருக்கிறது. நான்கு முதல் எட்டு இருக்கைகள் கொண்ட மூன்றாம் வகை ஹெலிகாப்டருக்கு மேலாளரைத் தவிர இரண்டு பேர். நடுத்தர வகைக்கு மூன்று பேர். பதினைந்து இருக்கையும் அதற்கு மேலும் உள்ள, 700 கேலன் தண்ணீர் சுமக்கும் முதல் வகைக்கு நான்கு பேர். இவர்கள்தான் ஏறுகிறவர்களை எடை போடுகிறார்கள், பட்டியல் எழுதுகிறார்கள், தொங்குசுமையைக் கட்டுகிறார்கள், ரோட்டர் தரைக்கு நெருக்கமாகச் சுழலும் மேட்டுப் பக்கமாக யாரும் நடந்து வராமல் தடுக்கிறார்கள். எடை போடும்போது வரும் ஒரு சின்ன அவஸ்தையை எந்தக் குழுத் தலைவரும் அறிவார். பையும் ரம்பமும் தண்ணீரும் சேர்த்து எவ்வளவு என்று கேட்டால், வீட்டுக் குளியலறைத் தராசில் வெறும் உடம்புக்கு வந்த எடையைச் சொல்கிறவர்கள் உண்டு. வாய் எண்ணைத் தாளில் ஏற்றாதீர்கள். தராசு இருக்கிறது, ஏறி நிற்கட்டும்.

விமானியின் நேரக்கணக்கும் மேலாளரின் கையில்தான். ஒரு நாளில் 8 மணி நேரத்துக்கு மேல் பறக்கக் கூடாது, பணிநேரம் 14 மணியைத் தாண்டக் கூடாது, அடுத்த பணிக்கு முன் தொடர்ந்து 10 மணி ஓய்வு வேண்டும். ஆறு நாளில் 36 மணி பறந்துவிட்டால் மறுநாள் ஓய்வு. 42 மணி என்பது மேல் எல்லை. பதினான்கு நாளில் இரண்டு முழு நாள் விடுப்பு. இதில் அடிக்கடி தவறவிடப்படுவது மாற்று விமானி வரும் நாள். புதியவர் வந்திருக்கிறார், ஆள் களைப்பில்லாமல் இருக்கிறார், எல்லோருக்கும் நிம்மதி. அவர் முந்தையவரைவிட நாற்பது பவுண்டு கூடுதலாக இருந்தால் நேற்றைய எடைத் தாள் இன்று செல்லாது என்பது அந்த நிம்மதியில் மறந்துபோகிறது.

2009 ஜூலை 21 அன்று கலிபோர்னியாவின் வில்லோ க்ரீக் தளத்தில் நடந்தது வேறு ரகம். ஹெலிகாப்டரிலிருந்து கயிற்றில் இறங்கும் தீயணைப்பாளர்கள் திறன் குறையாமல் இருக்க வழக்கமான பயிற்சி இறக்கம் செய்துகொண்டிருந்தார்கள். தீயும் இல்லை, அவசரமும் இல்லை. ஓர் இளைஞரின் இறங்கு கருவி தவறாகப் பூட்டப்பட்டிருந்தது. அவரே பார்த்தார், சக ஊழியர்கள் பார்த்தார்கள், அதற்கென்றே உள்ள ஒருவருக்கொருவர் சோதனையும் நடந்தது. யார் கண்ணிலும் படவில்லை. அவர் விழுந்து இறந்தார். அதன்பின் வனத்துறை கயிற்றிறக்கத் திட்டத்தையே நிறுத்தி மறுஆய்வு செய்து, நாடு முழுவதற்கும் ஒரே கருவி, ஒரே நடைமுறை என்று மாற்றியது.

சோதனைகளின் எண்ணிக்கையைக் கூட்டுவது இதற்கு மருந்து என்று நினைக்கத் தோன்றும். இந்த இதழுக்கு அதில் நம்பிக்கை குறைவு. மூன்று பேர் பார்க்கும் முடிச்சை, மற்ற இருவர் பார்த்துக்கொள்வார்கள் என்று ஒவ்வொருவரும் பாதிக் கண்ணால் பார்ப்பது மனித இயல்பு. சோதிக்கிறவர் கொக்கியைத் தொட்டு, பெயரைச் சொல்லி, இழுத்துப் பார்க்க வேண்டும். கண்ணால் மேய்ந்துவிட்டுத் தோளைத் தட்டுவது சோதனை ஆகாது. பயிற்சியில் அவ்வப்போது வேண்டுமென்றே தவறாகப் பூட்டிய கருவியைக் கலந்து வைக்கும் மேலாளர் ஒருவர் எந்தக் குழுவுக்கும் தேவை. அவரைச் சிலர் திட்டலாம்.

வில்லோ க்ரீக் விபத்துக்கு ஆறு ஆண்டுக்கு முன், 2003 ஜூலை 22. ஐடஹோ மாநிலம், சால்மன் ஆற்றை ஒட்டிய க்ரேமர் தீ. மற்ற தீயணைப்பாளர்கள் வந்திறங்க ஓர் இடம் வேண்டும் என்பதற்காக இருவர் காலையில் கயிற்றில் முகட்டுக்கு இறக்கப்பட்டார்கள். மரங்களை வெட்டிக்கொண்டே இருந்தார்கள். பிற்பகலில் தீ சரிவில் ஏறத் தொடங்கியது. தங்களை ஏற்றிச்செல்லும்படி ரேடியோவில் கேட்டார்கள். ஹெலிகாப்டர் அவர்களை எடுப்பதற்குள் தீ முகட்டை எட்டிவிட்டது. இருவரும் அங்கேயே இறந்தார்கள். ஹெலிகாப்டர் ஆட்களைக் கால்நடையாக எட்ட முடியாத இடத்தில் கொண்டுபோய் வைக்கிறது. அதனாலேயே அவர்கள் திரும்பிவரும் வழியும் பெரும்பாலும் அதே ஹெலிகாப்டர்தான். காலையில் இறக்கும்போதே எத்தனை மணிக்கு எடுப்பது, எந்த இயந்திரம் எடுப்பது, அது வேறு வேலைக்குப் போயிருந்தால் யார் எடுப்பது என்று எழுதி வைப்பது எடைத் தாளைப் போலவே ஒரு தாளாக வேண்டும். சிக்கல் வந்தபின் ரேடியோவில் கேட்டு வாங்குவதாக அது இருக்கக் கூடாது.

சிறு பொருள்களும் ஆளை எடுக்கும். 2022 ஜூலை 21 அன்று அதே சால்மன் ஆற்றில், மூஸ் தீயில் தண்ணீர் அள்ளச் சென்ற சினூக் ஹெலிகாப்டர் விழுந்து இரு விமானிகளும் இறந்தார்கள். விமானி அறையில் கட்டிவைக்கப்படாத ஒரு டேப்லெட் கருவி நழுவி, கால்மிதியில் சிக்கிக்கொண்டதாக விசாரணை முடிவுசெய்தது. வரைபடம் பார்ப்பதற்காக நிறுவனமே கொடுத்த கருவி அது. வெளியே சுமையைக் கட்டும் குழு அத்தனை கொக்கியையும் சரிபார்க்கிறது. உள்ளே என்ன உருளுகிறது என்று எட்டிப் பார்ப்பது அநாகரிகமாகக் கருதப்படுகிறது.

மறுபடியும் அயர்ன் 44-க்கு. உயிரிழப்பு அதிகமானதற்கு வாரியம் சொன்ன காரணங்களில் இரண்டு, மோதலைத் தாங்காத எரிபொருள் தொட்டிகளும் தரையிலிருந்து பிய்ந்துவந்த இருக்கைகளும். மூன்றாவது, அந்த இருக்கைப் பட்டைகளைக் கழற்றும் பூட்டு பொருத்தமற்றதாக இருந்தது. முதல் இரண்டையும் மேலாளரால் மாற்ற முடியாது. அவை ஒப்பந்த விதியில் எழுதப்பட வேண்டியவை. பூட்டு விஷயத்தில் அவரால் முடியும். ஏறுவதற்கு முன் தரும் பாதுகாப்பு விளக்கத்தில் பட்டையைக் காட்டிவிட்டு விடாமல், ஒவ்வொருவரும் கையுறையோடு, கண்ணை மூடிக்கொண்டு, ஒருமுறை பூட்டித் திறக்கட்டும். பத்துப் பேருக்கு இரண்டு நிமிடம் ஆகும்.

இத்தனையும் அமெரிக்கக் கதை என்று ஒதுக்கிவிட முடியாதபடி, 2024 மார்ச்சில் குன்னூர்க் காட்டுத்தீயில் இந்திய விமானப் படையின் எம்ஐ-17 வி5 ஹெலிகாப்டர் பாம்பி பக்கெட் எனும் தொங்கு வாளியில் ஏறக்குறைய 16,000 லிட்டர் தண்ணீர் ஊற்றியது. குன்னூரின் உயரமும் கிட்டத்தட்ட 6,000 அடி. எம்ஐ-17 வி5 மலை உயரங்களுக்கென்றே வலுப்படுத்தப்பட்ட இயந்திரம், அதை ஓட்டுவது ராணுவக் குழு. அங்கே எடைக் கணக்கும் ஓய்வுக் கணக்கும் படையின் ஒழுங்குக்குள்ளேயே நடக்கும். ஆனால் தண்ணீர் எந்த இடத்தில் விழ வேண்டும், அந்தச் சரிவில் அப்போது யார் நிற்கிறார்கள் என்பது தரையில் நிற்கும் வனவருக்கும் காவலருக்கும்தான் தெரியும். நாளை ஏதாவது ஒரு மாநிலம் தனியார் ஹெலிகாப்டரைத் தீப்பருவத்துக்கு வாடகைக்கு எடுத்தால், ஒப்பந்தம் எழுதும்போது மணிக்கு இவ்வளவு கட்டணம் என்ற பத்தி எப்படியும் இருக்கும். இயந்திரத்தை அரசுத் தராசில் நிறுத்தி எடை போட்ட பிறகே பணிக்கு ஏற்பது என்ற பத்தி இருக்குமா, எடைத் தாளில் விமானியின் பெயருக்குக் கீழே கையெழுத்திடப் போகும் வனத்துறை ஊழியர் யார், அவருக்கு யார் பயிற்சி தருவார்கள் என்பதை அடுத்த தீப்பருவம் தொடங்கும் பிப்ரவரிக்கு முன்பே கேட்டுவிடலாம்.