மேடம், வீட்ல சொல்லிடாதீங்க!

கவுன்சலிங் என்றாலே நமக்கெல்லாம் இன்ஜினியரிங் சீட் கவுன்சலிங்தான் ஞாபகம் வரும். அதற்கு முன்னால், ஸ்கூலில் இன்னொரு கவுன்சலிங் இருந்ததா? இருந்திருந்தால் மனசு சரியில்லாத நாளில் அந்த அறைக்குப் போயிருப்பீங்களா? பல பேரின் பதில், "ஐயோ, வேண்டாம்ப்பா!" காலையில் அங்கே சொன்னது மதியம் ஸ்டாஃப் ரூமுக்குப் போய், சாயங்காலம் அப்பாவுக்கு போன் போகும் என்கிற பயம்தான்.

2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் மாணவர் மனநலத்துக்காக 15 வழிகாட்டுதல்களைத் தந்தது. 100 பேரோ அதற்கு மேலோ படிக்கும் கல்வி நிறுவனங்களில் தகுதியான ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும். ஊழியர் எல்லாருக்கும் வருஷத்துக்கு 2 முறையாவது பயிற்சி தர வேண்டும் என்றது. நல்ல விஷயம். ஆனால் ஆளைப் போட்டு, கதவில் போர்டு மாட்டினால் வேலை முடிந்துவிடுமா?

முதல் தேவை ரகசியம். உயிருக்கு ஆபத்து, பாலியல் தொந்தரவு போன்றவற்றை உரியவர்களிடம் சொல்லியே ஆக வேண்டும். அதையும் அந்தப் பிள்ளையிடம் விளக்கிவிட்டுச் செய்யணும். மற்றபடி, பேசியது அந்த அறையோடு சரி. இதை வகுப்பிலும் பெற்றோர் கூட்டத்திலும் வருஷ ஆரம்பத்திலேயே அறிவிக்கணும். கணக்கு டீச்சரையே கவுன்சலராகவும் போட்டால் இது நடக்காது. மார்க் போடுறவங்ககிட்ட யார் மனசு விட்டுப் பேசுவா?

"என் பிள்ளை விஷயம் எனக்குத் தெரிய வேண்டாமா?" என்று பெற்றோர் கேட்பார்கள். நியாயம்தான். ஆனால் வீட்டில் சொல்ல முடிந்திருந்தால் அவன் அங்கே வந்திருக்கவே மாட்டானே! ஒருத்தரிடம் பேசப் பழகியவன்தான் நாளைக்கு அப்பா அம்மாவிடமும் பேசுவான்.

அடுத்தது, காயப்படுத்துவதை நிறுத்துவது. பொதுத்தேர்வு ரேங்க் அறிவிப்பைத் தமிழக அரசு 2017-லேயே கைவிட்டது. ஆனாலும் 'டாப்பர்ஸ் செக்‌ஷன்', 'ஸ்லோ லேர்னர்ஸ் செக்‌ஷன்' என்று பிரிக்கும் பள்ளிகள் இன்னும் இருக்கின்றன. பி.டி. பீரியடைக் கடன் வாங்கி டெஸ்ட் வைப்பதும் நிற்கவில்லை. "அந்த செக்‌ஷன் பசங்க" என்று வருஷம் முழுக்கக் கேட்டவனுக்கு அரைமணி நேர கவுன்சலிங் என்ன செய்துவிடும்? மார்க்கை வைத்துப் பிரிக்காதீர்கள், எல்லார் முன்னாலும் அவமானப்படுத்தாதீர்கள் என்பதும் அந்த 15-ல் உண்டு.

நாம என்ன பண்ணலாம்? படித்த ஸ்கூல் நம்மை விழாவுக்குக் கூப்பிடும், "கட்-ஆஃப் எடுப்பது எப்படி"ன்னு பேசச் சொல்லும். பேசுங்க. கூடவே மேடையில் ஒரு கேள்வியும் கேளுங்க: "இங்கே பசங்க சொல்றது ரகசியமா இருக்குமா?" பழைய மாணவர்கள் கேட்டால் நிர்வாகம் பதில் சொல்லித்தான் ஆகணும்.

அதுவரைக்கும், வீட்டில் ஸ்கூல் படிக்கும் தம்பி தங்கைக்கு ஒரு எண்ணைச் சொல்லி வையுங்க: 14416. டெலி மானஸ், இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். நமக்கும் அதே நம்பர்தான்.