கிணற்றடி உயிர்களுக்கு யார் பொறுப்பு?

மட்டாஞ்சேரியில் எங்கே தோண்டினாலும் மணலும் உப்புத் தண்ணீரும்தான். கடலும் காயலும் சூழ்ந்த இந்த ஊருக்கு நல்ல தண்ணீர் எப்போதும் வெளியிலிருந்தே வந்திருக்கிறது. ஒரு காலத்தில் ஆலுவாவிலிருந்து வள்ளத்தில் வந்தது, பிறகு குழாயில் வந்தது, குழாய் காயும் நாளில் இப்போது லாரியில் வருகிறது. கிழக்கே திருப்பூணித்துறையைத் தாண்டினால் மண் சிவந்து, வெட்டுக்கல் எனப்படும் செம்புறைக்கல் பூமி தொடங்குகிறது. 1807இல் மலப்புறத்தின் அங்காடிப்புறத்தில் பிரான்சிஸ் புக்கானன் ‘லேட்டரைட்’ என்று பெயரிட்ட அதே கல். அங்கே வீட்டுக்கு வீடு கிணறு. கேரளத்தின் கடலோரப் பகுதிகளில் சதுர கிலோமீட்டருக்கு 200க்கும் மேற்பட்ட கிணறுகள் இருப்பதாக மதிப்பிடுகிறார்கள்.

வெட்டுக்கல் முழுக்கப் புரைகளும் நுண்ணிய தாரைகளும் கொண்டது. மழைநீர் அவற்றின் வழியாகத்தான் ஊறி நகர்கிறது. வெளிச்சம் எட்டாத அந்தத் தாரைகளில் ஓர் உயிருலகம் இருக்கிறது. கோட்டயத்துக் கிணற்றில் கிடைத்த கண்ணில்லாத சிறு கெளுத்தி, ஹொராக்லானிஸ் கிருஷ்ணை, 1950இல் பெயர் பெற்றது. 2018 பெருவெள்ளத்துக்குப் பிறகு மலப்புறத்து வயலில் தென்பட்ட நிலத்தடி மீன் மறு ஆண்டு ‘ஈனிக்மாசன்னா’ என்ற புதிய பேரினமானது. அது விராலின் தூரத்து உறவு என்பதும், பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்ட தனிக் குடும்பம் என்பதும் 2020இல் தெரிந்தன. 2023இல் விவரிக்கப்பட்ட இன்னொரு கெளுத்திக்கு, மக்களைக் குறிக்கும் ‘பாபுலி’ என்ற பெயரையே ஆய்வாளர்கள் சூட்டினார்கள். கிணற்று வாளியிலும் தண்ணீர்த் தொட்டியிலும் குழாயிலும் பார்த்ததைத் தகவலாகவும் மாதிரியாகவும் அனுப்பி வைத்தவர்கள் வீட்டுக்காரர்கள்தானே. இந்த ஆய்வுகளில் பெரும்பங்கு கொச்சி பனங்காட்டிலுள்ள கேரள மீன்வளம், கடலாய்வுப் பல்கலைக்கழகத்தினுடையது.

மீன்களுக்காவது பெயரும் புகழும் கிடைத்துவிட்டன. அவற்றோடு அதே நீரில் வாழும் முதுகெலும்பில்லாத உயிர்களைப் பற்றித்தான் என் கவலை. கிணற்றின் அடியில் மெல்லிய கண்ணி வலையை இறக்கி, சேற்றைக் கலக்கி, நாலைந்து முறை ஏற்றி இறக்கி, வலையில் தங்கியதை வெள்ளைத் தட்டில் கழுவி ஊற்றிப் பார்க்க வேண்டும். மணல்துகள்களுக்கு நடுவே ஒன்றிரண்டு துகள்கள் மட்டும் தாமாக நகரும். உருப்பெருக்கியில் வைத்தால் நிறமற்ற உடல், கண் இருக்க வேண்டிய இடத்தில் வெறுமை, நீண்ட உணர்கொம்புகள். இறால், நண்டு வகையறாவின் சிற்றுறவுகள் இவை. பலவும் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டாதவை. கல்லில் படியும் பாக்டீரியாப் படலத்தை மேய்ந்து, நீர்வழிகள் அடைபடாமல் பார்த்துக்கொள்கின்றன. நிலத்தடி மீனுக்கு இரையாகவும் ஆகின்றன. மெதுவாக வளர்ந்து, சில முட்டைகளே இடுபவை. ஒரு பள்ளத்தாக்கின் நீரூற்று அழிந்தால் அடுத்த பள்ளத்தாக்கிலிருந்து வந்து அந்த இடத்தை நிரப்ப இவற்றால் முடியாது.

இந்தியாவில் இவற்றைத் தேடியவர்கள் மிகச் சிலர். 1922இல் ஸ்டான்லி கெம்ப்பும் சோப்ராவும் காரோ மலையின் சிஜு குகைக்குள் போய் அங்குள்ள உயிர்களைத் தொகுத்தார்கள். காசியின் கிணறுகளில் கிடைத்த குருட்டு ஓட்டுயிர் நிக்கோல்சியா காசியென்ஸ் 1950இல் பதிவானது. நம் வெட்டுக்கல் கடற்கரையின் வடபகுதியிலுள்ள ரத்னகிரியில், ஒரு கிணற்றிலிருந்து 1979இல் டிராக்லிண்டிகஸ் என்ற குருட்டு இறால் விவரிக்கப்பட்டது. குண்டூரை அடுத்த ஆச்சார்ய நாகார்ஜுனா பல்கலைக்கழகத்தில் ஒய். ரங்கா ரெட்டியும் அவருடைய மாணவர்களும் கிணறு, ஆற்றுமணல், குகை என்று சலித்துப் புதிய இனங்களை வரிசையாகக் கண்டெடுத்தார்கள். குத்திகொண்டா குகையிலிருந்து 2011இல் வெளியான ஆந்திரகாய்டிஸ் என்ற ஓட்டுயிரின் உறவுகள் ஆஸ்திரேலியாவில் இருக்கின்றன. இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஒரே நிலமாக இருந்த காலத்தின் சாட்சி, ஓர் ஊர்க் குகைத் தண்ணீரில் இன்னும் ஊர்ந்துகொண்டிருக்கிறது! இவ்வளவு பெரிய விஷயத்தை இந்த நாடு ஒரு சில பேராசிரியர்களின் தனி ஆர்வத்துக்கு விட்டுவைத்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

நன்னீர் உயிர்களில் 24 சதவீதம் அழியும் அபாயத்தில் இருப்பதாக 2025 ஜனவரியில் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு சொன்னது. அது கணக்கில் எடுத்தவை மீன், தும்பி, நண்டு–இறால் இனங்கள் மட்டுமே. கிணற்றடிச் சிற்றுயிர்கள் அந்தக் கணக்குக்குள்ளேயே வரவில்லை.

ஆபத்துகள் கண்முன்னே இருக்கின்றன. வீடு கட்டக் கல் வெட்டும்போது, குன்றோடு சேர்ந்து நீர் நகரும் புரைகளும் போய்விடுகின்றன. கிணற்றிலிருந்து 7.5 மீட்டர் தள்ளித்தான் கழிவுக்குழி இருக்க வேண்டும் என்பது விதி. மூன்று சென்ட், நாலு சென்ட் மனைகள் நெருங்கி நிற்கும் இடத்தில் அந்த இடைவெளிக்கு எங்கே போவது? கொசுவை ஒழிக்க விடும் கப்பி மீன் சிற்றுயிர்களைத் தின்னும்.

கிணற்றில் போடும் பிளீச்சிங் பவுடர் விஷயத்தில் மட்டும் அவசரத் தீர்ப்பு சொல்லக் கூடாது. மஞ்சள் காமாலை ஆண்டுதோறும் வருகிறது. 2025இல் அமீபா மூளைக்காய்ச்சல் பயத்தில் மாநிலம் முழுவதும் கிணறுகளுக்குக் குளோரின் போடச் சொன்னார்கள். மனித உயிர் முதலில். அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் என்பது சாதாரண நாட்களுக்குச் சொல்லப்படும் அளவு. அதைக் கரைத்துத் தெளியவைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்ற வேண்டும். நடைமுறையில் கண்மதிப்பாகப் பொட்டலத்தோடு கொட்டுகிறார்கள். நோய்க்காலத்தில் அளந்து போடுவது, மற்ற நாட்களில் மேல்தொட்டியில் ஏற்றிய தண்ணீரைச் சுத்திகரிப்பது என்று பிரித்துக்கொண்டால் ஆளுக்கும் கேடில்லை, கிணற்றுக்கும் கேடில்லை.

சட்டத்தின் துணை இங்கே மெலிந்து கிடக்கிறது. கேரள நிலத்தடி நீர்ச் சட்டம் 2002 தண்ணீரைப் பற்றியது. தண்ணீருக்குள் இருப்பவரைப் பற்றியதல்ல. வனவிலங்குச் சட்டமோ பட்டியலை வைத்து நடப்பது. பெயரே இல்லாத ஒன்றை எந்தப் பட்டியலில் சேர்ப்பது? டெக்சாஸில் வேறு கதை. சான் அன்டோனியோ நகரத்துக்குத் தண்ணீர் தரும் எட்வர்ட்ஸ் நிலத்தடி நீரைக் கேட்பாரில்லாமல் உறிஞ்சியதை எதிர்த்து 1991இல் வழக்குத் தொடர்ந்தார்கள். 1993இல் அதற்கெனத் தனி ஆணையம் அமைக்கச் சட்டம் வந்தது. 1997இல், அந்த நீர் வெளிப்படும் கோமல் ஊற்றுகளைச் சேர்ந்த இரண்டு வண்டுகளும் ஒரு குருட்டு ஓட்டுயிரும் பாதுகாக்கப்பட்ட உயிர்களின் பட்டியலில் ஏறின. இன்று ஊற்றின் ஓட்டம் குறைந்தால் நகரம் பம்பைக் குறைக்க வேண்டும். மேற்கு ஆஸ்திரேலியாவில் மெசா ஏ என்ற இரும்புத்தாது மேட்டில், பாறை இடுக்குகளில் வாழும் சிலந்திக் கூட்டத்துச் சிற்றுயிர்களுக்காக, சுரங்கம் வேண்டாம் என்று 2007இல் சுற்றுச்சூழல் ஆணையம் பரிந்துரைத்தது. பிறகு சுரங்கம் வந்தது உண்மைதான். ஆனால் மேட்டின் ஒரு பகுதியைத் தொடாமல் விட்ட பிறகே வந்தது. தோண்டும் முன் நிலத்தடியில் என்ன இருக்கிறது என்று தேடிப் பார்ப்பது அங்கே நடைமுறை.

கேரளத்தில் கிணற்றைச் சரணாலயமாக அறிவிக்க முடியாது, அறிவிக்கவும் வேண்டாம். இந்த உயிர்களுக்கு இப்போதிருக்கும் ஒரே கண்காணிப்பு, தினமும் வாளி இறக்கும் வீட்டுக்காரரின் கண்தான். குழாய் வந்ததும் கிணற்றை மூடிக் குப்பை கொட்டத் தொடங்கினால், நீருக்குள் என்ன செத்தது என்று சொல்ல ஆளே இருக்காது. அதனால் குழாய் இணைப்பு தரும்போதே கிணற்றைப் புழக்கத்தில் வைத்திருப்பவருக்கு உள்ளாட்சி வரிச்சலுகை தரலாம். மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் வார்டுதோறும் சில கிணறுகளைச் சேர்த்து, கோடையில் இறைத்துத் தூர் வாரும்போது அந்தச் சேற்றை ஒரு முறை சலித்து, கிடைப்பதை ஆல்கஹாலில் இட்டுப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பலாம். வெட்டுக்கல் குவாரிக்கு அனுமதி கேட்பவர் சுற்றுவட்டாரக் கிணறுகளின் நீர்மட்டத்தோடு உயிர்க்கணக்கையும் தர வேண்டும். பனங்காட்டுப் பல்கலைக்கழகத்தில் மீன் வகைப்பாட்டுக்கு இருக்கும் திறமைக்குப் பக்கத்தில், நிலத்தடி ஓட்டுயிர்களை அடையாளம் காணும் இரண்டு மூன்று இளைஞர்களுக்கு நிரந்தர வேலை கொடுப்பது மாநில அரசுக்குப் பெரிய செலவல்ல. வரும் கோடைக்குள் தொடங்கலாம்.