கொள்வோரும் கொடுப்போரும்

மின்னணுத் தொழிலைப் பற்றி நம் நண்பர்கள் பேசும்போது, பேச்சு பெரும்பாலும் விலையிலேயே தொடங்கி விலையிலேயே முடிகிறது. மலிவாகத் தருபவனிடம் வாங்கு; நாளை வேறொருவன் காலணா குறைத்தால் அவனிடம் செல் என்கிறார்கள். வணிகம் என்றால் இவ்வளவுதானா? ஒரு கைப்பேசிக்குள் நூற்றுக்கணக்கான உறுப்புகள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்று வராமற்போனாலும் எஞ்சியவை கிடங்கில் உறங்க வேண்டியதுதான். ஆகவே கொள்வோருக்கும் கொடுப்போருக்கும் உள்ள உறவு விலைச்சீட்டோடு தீர்ந்துவிடுவதன்று என்பது என் துணிபு. அவ்வுறவை அளந்தறிய நான் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்பேன்: தீய செய்தி எவ்வளவு விரைவில், எவர் காதுக்குப் போய்ச் சேருகிறது?

2000ஆம் ஆண்டு மார்ச் 17. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஆல்புகர்க்கி என்னும் நகரில் பிலிப்ஸ் நிறுவனத்தின் சில்லுத் தொழிற்சாலை இருந்தது. மின்கம்பியில் இடி விழ, அதன் விளைவாக அங்கே தீப்பிடித்தது. சுமார் 10 நிமிடங்களில் தீ அணைந்துவிட்டது. ஆனால் தூசு துரும்பும் நுழையக் கூடாத தூய அறைகளுக்குள் புகையும் நீரும் புகுந்துவிட்டன. சில்லுத் தொழிலில் நெருப்பைவிடப் புகை கொடியது. ஒரு வாரத் தாமதம் என்றுதான் பிலிப்ஸ் முதலில் அறிவித்தது. அங்கே வாங்கிய பெரிய நிறுவனங்கள் இரண்டு: ஃபின்லாந்தின் நோக்கியா, சுவீடனின் எரிக்சன். இருவருக்கும் வந்த செய்தி ஒன்றே.

நோக்கியாவில் அச்செய்தி உடனே மேலே சென்றது. நாள்தோறும் பிலிப்ஸை விசாரித்தார்கள். உதவிக்குப் பொறியாளர்களை அனுப்புகிறோம் என்றார்கள், பிலிப்ஸ் இணங்கவில்லை. ஒரு வாரமன்று, பல வாரங்கள் ஆகும் எனத் தெரிந்ததும், பிலிப்ஸின் தலைவர்களோடு நேரே அமர்ந்து, அந்நிறுவனத்தின் பிற ஆலைகளில் இடம் கேட்டு வாங்கினார்கள். வேறிடத்திலும் செய்யக்கூடியவாறு சில சில்லுகளின் அமைப்பையே மாற்றினார்கள். எரிக்சனிலோ செய்தி கீழ்நிலையிலேயே தங்கிவிட்டது. மேலிடத்துக்கு எட்டியபோது வாரங்கள் கடந்துவிட்டன. அந்தச் சில்லுகளுக்கு அவர்களிடம் மாற்று வழியும் இல்லை. இழந்த விற்பனை ஏறத்தாழ 40 கோடி டாலர். 2001இல் எரிக்சன் தன் கைப்பேசித் தொழிலைச் சோனியோடு இணைத்துவிட்டது. அத்தீ ஒன்றே அதற்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை. அதுவும் ஒரு காரணம்.

இக்கதையைச் சொல்வோர் நோக்கியாவின் சுறுசுறுப்பைப் புகழ்வதோடு நின்றுவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. சுறுசுறுப்பு ஒரே நாளில் வருவதன்று. ‘பொருள் வரவில்லை’ என்று சொன்னவனுக்கு வசை கிடைக்கும் அலுவலகத்தில், இரண்டு நாள் பார்ப்போம் என்று எவனும் வாய்மூடித்தான் இருப்பான். ஆண்டுதோறும் விலைக்காக மிரட்டப்படும் கொடுப்பவனும் அப்படியே. உண்மையைச் சொன்னால் அடுத்த ஆர்டர் போய்விடும் என்று அஞ்சுகிறவனிடம் உண்மையை எதிர்பார்ப்பது என்ன நியாயம்?

ஜப்பானில் வேறொரு காட்சி. 2011 மார்ச் நிலநடுக்கத்தில் ரெனெசாஸ் நிறுவனத்தின் நாகா ஆலை சேதமுற்றது. கார்களுக்கான சில்லுகள் செய்யும் ஆலை அது. அதைச் சீர்ப்படுத்த, சந்தையில் ஒருவரோடொருவர் மோதும் கார் நிறுவனங்களும் ஆட்களை அனுப்பின. நாளொன்றுக்கு 2,500 பேர் வரை அங்கே உழைத்தார்கள். ஜூன் 1ஆம் நாளே உற்பத்தி மீண்டும் தொடங்கிற்று. தாமதத்துக்குத் தண்டம் கட்டு என்று வழக்கறிஞரை அனுப்பியிருந்தால் சில்லு வந்திருக்குமா?

ஒப்பந்தம் வேண்டாம் என்பதல்ல என் வாதம். ஒருபக்கமே சாய்ந்த ஒப்பந்தம் கூட்டு ஆகாது என்கிறேன். 2013இல் ஆப்பிள் நிறுவனம் ஜி.டி. அட்வான்ஸ்டு என்னும் நிறுவனத்துக்கு, நீலமணிக் கண்ணாடி செய்ய 57.8 கோடி டாலர் முன்பணம் தருவதாக ஒப்புக்கொண்டது. ஜி.டி. பிறருக்கு விற்கக் கட்டுப்பாடு உண்டு. ஆப்பிள் வாங்கியே தீரவேண்டும் என்னும் கட்டாயமோ இல்லை. 2014 அக்டோபரில் ஜி.டி. திவால் மனு கொடுத்தது. ஆப்பிளுக்கும் அந்தக் கண்ணாடி கிடைக்கவில்லை.

மாற்று வழி வைத்துக்கொண்டால் செலவு கூடுமே என்று வணிகவியல் நண்பர்கள் கேட்கக்கூடும். கூடும்தான். ஆயினும் அச்செலவைக் கொள்வோர் மட்டும் கணக்கிட்டால் போதாது; ஒரே வாடிக்கையாளரை நம்பி இயந்திரம் வாங்கும் கொடுப்போரும் கணக்கிட வேண்டும்.

நம் ஸ்ரீபெரும்புதூரையே பாருங்கள். நோக்கியா அங்கே 2006இல் ஆலை திறந்தது. உறுப்பு செய்வோர் பலர் அதே வளாகத்தில் வந்தமர்ந்தனர். 2014 நவம்பரில் நோக்கியா உற்பத்தியை நிறுத்தியது. டிசம்பரில் ஃபாக்ஸ்கானும் அவ்வளாகத்தில் வேலையை நிறுத்தியது. அங்கேயே இருந்த சால்காம்ப், பல நிறுவனங்களுக்கு மின்னேற்றி செய்து கொடுப்பது. ஆகவே அது தாக்குப்பிடித்தது. பூட்டிக் கிடந்த நோக்கியா ஆலையை ஏற்க 2019இல் முன்வந்ததும் அந்தச் சால்காம்ப்தான்.